குவிமாட வீடு கட்டினால் செலவு உண்மையில் குறையுமா?

செஞ்சிக்காரன்

அனைவருக்கும் வணக்கம். செஞ்சிக்கு அருகில் எங்களுக்கு 12 சென்ட் நிலம் இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் நிலையாகத் தங்குவதற்கும், நானும் மனைவியும் பிள்ளைகளும் விடுமுறைக்கு வந்து போவதற்கும் ஏற்றதாக, 700 சதுரடிக்கு மிகாமல் ஒரு வீடு கட்ட வேண்டும் என்பது என் நீண்ட நாள் எண்ணம். கையில் 9 லட்சம் ரூபாய் இருக்கிறது. மேற்கொண்டு 6 லட்சம் வரை வங்கிக் கடன் வாங்கலாம் என்று நினைத்திருக்கிறேன்.

சென்ற சித்திரையில் ஆரோவில் பக்கம் போயிருந்தபோது, மண்கல்லால் (சிமெண்ட் கலந்த மண்ணை அழுத்தி அடித்த, சுடாத கல்) கட்டிய குவிமாடக் கூரையின் கீழ் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். வெளியே அனல் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே மின்விசிறி கூட ஓடவில்லை. அண்ணாந்து பார்த்தால், கல் வரிசைகள் வட்டம் வட்டமாகச் சுருங்கிக்கொண்டே போய் உச்சியில் ஒரு கைப்பிடி அளவில் முடிந்திருந்தன. அன்றிலிருந்து என் மனத்தில் வேறு வீடு நிற்கவில்லை.

ஆனால் செலவு பற்றிக் கேட்டால் ஆளுக்கு ஒரு கணக்கு சொல்கிறார்கள். இணையக் காணொளிகளில் சாதாரண வீட்டைவிட 40 விழுக்காடு குறையும் என்கிறார்கள். எங்கள் ஊர் மேஸ்திரி தளம் போட்ட வீட்டுக்குச் சதுரடிக்கு 2,300 ரூபாய் கேட்கிறார். குவிமாடம் என்றதும் இரண்டு நாள் யோசித்துவிட்டு, 3,500 ரூபாய் ஆகும் என்றும், ஒழுகினால் தன்னைக் கேட்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். இரும்புக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாக இணைத்துக் கட்டும் ஒரு நிறுவனத்தார், 20 அடி விட்டமுள்ள ஒரே ஒரு குவிமாடத்துக்குச் சமையலறை, கழிவறை எதுவும் சேர்க்காமல் 11 லட்சம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

இவற்றில் எதை நம்புவது? நீங்கள் யாரேனும் கட்டியிருந்தால், கல் வாங்கியது முதல் குடிபுகுந்தது வரை என்ன செலவாயிற்று என்பதையும், என் கையில் இருக்கும் தொகைக்கு இது சாத்தியமா என்பதையும் தயவுசெய்து சொல்லுங்கள். குவிமாட வீட்டுக்கு வங்கியில் கடன் கிடைக்குமா என்பதும் எனக்குத் தெரிய வேண்டும்.

---

மரக்காணம் மண்வீடு

வணக்கம் நண்பரே. நான் 2019ஆம் ஆண்டு தொடங்கி 2020 தொடக்கத்தில் முடித்த வீட்டின் கணக்கு நோட்டு என்னிடம் இன்னும் இருக்கிறது. அதைப் பார்த்தே எழுதுகிறேன்.

எங்கள் வீடு மொத்தம் 780 சதுரடி. முழு வீடும் குவிமாடம் அல்ல. நடுக்கூடம் மட்டும் 18 அடி விட்டமுள்ள வட்டம். ஏழடி உயரச் சுவர் எழுப்பி, அதன் மேல் ஆறடி உயரமுள்ள குவிமாடத்தை ஏற்றினோம். அதை ஒட்டியுள்ள படுக்கையறை, சமையலறை, குளியலறை ஆகியவை சாதாரணச் செவ்வக அறைகள். மொத்தச் செலவு 16.4 லட்சம். அதாவது சதுரடிக்கு ஏறக்குறைய 2,100 ரூபாய். அந்த நேரத்தில் எங்கள் பகுதியில் சாதாரண வீட்டுக்கு 1,750 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஆகவே எனக்குச் செலவு கூடியதே தவிரக் குறையவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அஸ்திவாரம் தொடங்கி பேஸ்மெண்ட் மட்டம் வரை 2.6 லட்சம் ஆயிற்று. மண்கல்லுக்கு 1.9 லட்சம், சுவருக்கும் கூரைகளுக்கும் கூலியும் மற்ற பொருள்களும் சேர்ந்து 3.9 லட்சம். பூச்சுக்கும் நீர்க்காப்புக்கும் 1.5 லட்சம், கதவு ஜன்னல்களுக்கு 2.3 லட்சம், தரைக்கு 1.2 லட்சம், மின்சார வேலைக்கும் குழாய் வேலைக்கும் 2 லட்சம் என்று போயிற்று. மிச்சமுள்ள ஒரு லட்சம், தண்ணீர்த் தொட்டிக்காகத் தனியாக ஒரு சிறு கோபுரம் கட்டியதற்கும் சில்லறைச் செலவுகளுக்கும் ஆனது. குவிமாடத்தின் மேல் தொட்டி வைக்க முடியாது என்பது திட்டம் போடும்போது எங்கள் நினைவுக்கே வரவில்லை.

கல்லை நாங்களே எங்கள் நிலத்தில் அடித்தோம். மழைநீர்க் குட்டைக்காகத் தோண்டிய மண்ணைச் சலித்து, அதில் நூற்றுக்கு ஐந்து பங்கு சிமெண்ட் கலந்து, வாடகைக்கு எடுத்த கை அழுத்தப் பொறியில் சுமார் 7,000 கற்கள் அடித்தோம். சுட வேண்டியதில்லை என்பதால் விறகுச் செலவு இல்லை. ஆனால் அடுக்கி வைத்து, மூடி, நான்கு வாரம் நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த நான்கு வாரமும் வேலைத்தளத்தில் ஒருவருக்குக் கூலி போய்க்கொண்டிருக்கும். அப்படியும் ஒரு கல் 27 ரூபாய்க்கு அடங்கியது.

நடுக்கூடத்தின் கூரையை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். அதற்குக் கல்லும் சாந்தும் வெறும் 48,000 ரூபாய். சுவரின் தலையில் சுற்றிலும் கம்பி கட்டிக் கான்கிரீட் ஊற்றிய ரிங் பீமுக்கு 26,000 ரூபாய். கூலிதான் பெரும் தொகை. குவிமாடம் பழகிய தலைமைக் கொத்தனார் ஒருவருக்கு நாளுக்கு 1,500, உள்ளூர்க் கொத்தனார் மூவருக்குத் தலா 850, சித்தாள் நால்வருக்குத் தலா 550 என்று நாளொன்றுக்கு 6,250 ரூபாய் வீதம் 17 நாட்களுக்கு 1,06,250 ரூபாய் ஆயிற்று. ஆக மொத்தம் சுமார் 1,80,000 ரூபாய். அதே வட்டத்தின் மேல் தட்டையாகத் தளம் போட எங்கள் மேஸ்திரி சொன்ன தொகை 70,000 ரூபாய்.

ஏன் இவ்வளவு நாள் என்று கேட்பீர்கள். வட்டத்தின் நடுவில் ஒரு குழாயை நட்டு, அதன் தலையில் எந்தப் பக்கமும் திரும்பும்படி ஒரு நீண்ட கோலைப் பொருத்தியிருந்தார்கள். சென்ட்ரிங் பலகை கிடையாது. அந்தக் கோல்தான் அச்சு. ஒவ்வொரு கல்லையும் வைக்கும்போது கோலின் நுனி அதன் உள்முகத்தைத் தொட வேண்டும். தொடவில்லை என்றால் கல்லை எடுத்து, சாந்தை வழித்துவிட்டு, மறுபடி வைப்பார்கள். கீழ் வரிசைகள் வேகமாகப் போயின. மேலே போகப் போகக் கல் உள்பக்கம் சாய்ந்து நிற்கும். சாந்து இறுகும் வரை ஒருவர் கையால் தாங்கிக்கொண்டிருக்க வேண்டும். வட்டம் ஒரு சுற்று முடிந்துவிட்டால் அப்புறம் அது தானே நிற்கும். ஒரு நாளில் இரண்டு சுற்று ஏறினால் அன்று எல்லோருக்கும் தேநீரோடு வடையும் உண்டு.

இன்னொரு செலவு மேற்படிக் கணக்கில் சேரவில்லை. முதல் ஐப்பசி மழையிலேயே, மின்விசிறிக்காகக் கூரைக்குள் பதித்த குழாயின் ஓரமாகத் தண்ணீர் இறங்கி, உள்சுவரில் விரல் அகலத்துக்குக் கறை படிந்தது. மயிரிழை போன்ற வெடிப்புகள் வெளிப்பூச்சில் நிறைய இருந்தன. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் குழைத்த சுண்ணாம்புச் சாந்தால் மறுபூச்சு பூசி, அதன் மேல் வெள்ளை ஓட்டுச் சில்லுகளைப் பதித்த பிறகு இன்று வரை ஒரு சொட்டு இறங்கவில்லை. அதற்கு 44,000 ரூபாய் ஆயிற்று. முதலிலேயே செய்திருந்தால் பாதியில் முடிந்திருக்கும்.

---

ஓய்வுபெற்ற பொறியாளர்

செஞ்சி நண்பருக்கு வணக்கம். நாற்பது விழுக்காடு குறையும் என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது என்பதைக் கணக்காகவே காட்டுகிறேன். அது முழுப் பொய் அல்ல, பாதி உண்மை. அதனால்தான் அது ஆபத்தானது.

20 அடி விட்டமுள்ள அரைக்கோளத்தை எடுத்துக்கொள்வோம். அதன் தரை 314 சதுரடி. மேலே கவிந்த ஓட்டின் பரப்பு தரையைப் போல் சரியாக இரு மடங்கு, 628 சதுரடி. அதே 314 சதுரடியைச் சதுர அறையாகக் கட்டினால் பக்கம் ஏறக்குறைய 17 அடி 9 அங்குலம் வரும். பத்தடி உயரத்துக்கு நான்கு சுவர்களும் 709 சதுரடி, கூரை 314, மொத்தம் 1,023 சதுரடி. ஆகவே குவிமாடத்தின் மேற்பரப்பு கிட்டத்தட்ட 39 விழுக்காடு குறைவு. விளம்பரத்தில் வரும் நாற்பது இதுதான்.

இப்போது அந்த அரைக்கோளத்துக்குள் போய் நில்லுங்கள். சுவர் தரையிலிருந்தே உள்பக்கம் வளைகிறது. ஆறடி உயரத்தில் அதன் ஆரம் பத்தடி அல்ல, எட்டடி. ஆறடி மனிதர் தலை இடிக்காமல் நடமாடக்கூடிய பரப்பு 201 சதுரடிதான். நீங்கள் அஸ்திவாரம் போட்டு, தரை பதித்து, காசு கொடுத்த 314 சதுரடியில் இது 64 விழுக்காடு. மிச்சத்தில் கட்டிலும் பெட்டியும் வைக்கலாம் என்பார்கள். எவ்வளவு பெட்டிதான் வைப்பது? இதைத் தவிர்க்க நான்கடி உயரத்துக்கு நேர்ச்சுவர் எழுப்பி அதன் மேல் அரைக்கோளத்தை ஏற்றினால், ஓட்டின் பரப்போடு 251 சதுரடி சுவர் சேர்ந்து 879 சதுரடி ஆகிறது. மிச்சம் 39 விழுக்காட்டிலிருந்து 14ஆக இறங்கிவிடுகிறது.

அந்த மிச்சமும் வீட்டின் ஒரு பகுதியில்தான். மரக்காணம் நண்பரின் கணக்கில் கல், சுவர், கூரை மூன்றும் சேர்ந்து 5.8 லட்சம், மொத்தச் செலவில் 35 விழுக்காடு. அதில் முழுதாக நாற்பது விழுக்காடு மிச்சம் பிடித்தாலும், மொத்த வீட்டுச் செலவில் 14 விழுக்காடுதான் குறையும். கதவு, ஜன்னல், மின்கம்பி, குழாய், கழிவறைச் சாமான் எதுவும் கூரை வட்டமாக இருக்கிறது என்பதற்காக விலை குறையப் போவதில்லை. வட்டத் தரைக்கு ஓடு பதிக்கும்போது ஓரம் முழுவதும் வெட்ட வேண்டியிருப்பதால் சேதாரம் கூடும். வளைந்த பரப்பில் பூசுவதற்குக் கொத்தனார் கூடுதல் கூலி கேட்பார். அது நியாயமானதும் கூட.

பொருள் குறைவது உண்மை. அந்த மிச்சத்தைக் கைத்திறனுக்குக் கொடுக்கிறோம் என்பதுதான் மறுபாதி உண்மை. கோவை வெள்ளியங்கிரி அடிவாரத்தில் தியானலிங்கத்தின் மேல் இருக்கும் குவிமாடம், இரும்புக் கம்பியும் சிமெண்டும் இல்லாமல் செங்கல்லும் சாந்தும் கொண்டே சுமார் 22 மீட்டர் விட்டத்துக்குக் கட்டப்பட்டது. எனவே வலிமை பற்றிய கவலை வேண்டாம். அந்தக் கைகள் உங்கள் ஊரில் கிடைக்கின்றனவா என்பதே கேள்வி. கைத்திறனின் செலவைக் குறைக்க ஒரே வழி, ஒரே அளவில் பல வீடுகளைக் கட்டுவது. 2006ஆம் ஆண்டு மே மாத நிலநடுக்கத்துக்குப் பிறகு இந்தோனேசியாவின் யோக்யகார்த்தா அருகே நியூ ஙெலெப்பென் என்ற கிராமத்தில் குவிமாட வீடுகளாகவே ஓர் ஊரை எழுப்பினார்கள். காற்று நிரப்பிய பெரிய பலூன் போன்ற அச்சின் மேல் கம்பி கட்டிக் கான்கிரீட் பூசி, இறுகியதும் அச்சை உருவி அடுத்த வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். அச்சின் விலை ஊர் முழுவதற்கும் பங்கானது. தனி ஒருவர் ஒரே வீட்டுக்காக அப்படிப்பட்ட அச்சை வரவழைத்தால் கட்டுப்படியாகாது.

முக்கோணச் சட்டக் குவிமாடத்துக்கு 11 லட்சம் கேட்டார்கள் என்றீர்கள். அதன் எளிய வடிவத்தில் 65 குழாய்களும் 40 முக்கோணங்களும் உண்டு. 20 அடி விட்டத்துக்கு, முக்கோணமும் முக்கோணமும் சேரும் விளிம்புகளை மட்டும் கூட்டினால் சுமார் 318 அடி நீளம் வருகிறது. அத்தனை அடியும் மழை நுழையக்கூடிய இணைப்பு. வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும் இணைப்பைப் பசை போட்டு எத்தனை ஆண்டு காப்பது? பந்தலாகவோ தோட்டக் கொட்டகையாகவோ அது மிக அழகானது. பெற்றோர் நிலையாக வாழும் வீட்டுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

மண்மூட்டை வீடு என்று இன்னொன்று இருக்கிறது. நாதர் கலீலி என்ற ஈரானியக் கட்டடக் கலைஞர் கலிஃபோர்னியாவில் வளர்த்தெடுத்த முறை. நீண்ட சாக்குக் குழலில் மண்ணைத் திணித்துச் சுருள் சுருளாக அடுக்கி, இடையில் முள்கம்பி வைத்து உயர்த்துவார்கள். பொருள் செலவு மிகக் குறைவு. உடலுழைப்பு மிக அதிகம். வெயில் பட்டால் சாக்கு நைந்துவிடும் என்பதால் உடனே பூசிவிட வேண்டும். அது மழை குறைந்த வறண்ட நிலத்தில் பிறந்த முறை. நம் வடகிழக்குப் பருவமழையை நினைத்துக்கொண்டே அதைப் பற்றி முடிவெடுங்கள்.

கட்டுமானத்தில் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. கல் குவிமாடத்தின் உச்சிப் பகுதியில் கற்கள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு நிற்கும். அரைக்கோளத்தில் உச்சியிலிருந்து சுமார் 52 பாகைக்குக் கீழே வந்ததும் நிலை மாறி, வட்டம் வெளிப்பக்கம் பிதுங்கப் பார்க்கும். அழுத்தத்தைத் தாங்கும் கல், இழுவிசையைத் தாங்காது. எனவே அடியில் சுற்றிலும் ஒரு ரிங் பீம் கட்டாயம் வேண்டும். கூரை தட்டையாக ஆக ஆக வெளித்தள்ளல் கூடும். பீமும் பெருக்க வேண்டும். மரக்காணம் நண்பர் செலவழித்த அந்த 26,000 ரூபாயை மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் அவரை வேலைத்தளத்துக்குள்ளேயே விடாதீர்கள்.

---

அண்ணாமலை அடிவாரம்

தம்பிக்கு வணக்கம். நான் திருவண்ணாமலைக்கு அருகில், கோழிவலையில் சிமெண்ட் பூசிய குவிமாட வீட்டில் ஆறு ஆண்டுகளாகக் குடித்தனம் நடத்துகிறேன். கட்டும் செலவை ஆண்கள் சொல்லிவிட்டார்கள். குடியேறிய பிறகு வந்த செலவை நான் சொல்கிறேன்.

முதலாவது அலமாரி. என் பிறந்த வீட்டுச் சீதனமாக வந்த தேக்குப் பீரோவை இந்த வீட்டில் எங்கே வைத்தாலும் பின்னால் முக்கோணமாக இடம் பாழாகிறது. மேல் மூலை சுவரில் இடிக்கிறது. கடைசியில் அதை நடுவில் நிறுத்தித் தடுப்பாகப் பயன்படுத்துகிறோம். சமையல் மேடைக்கு மேல் அலமாரிகளை வளைவுக்கு ஏற்றபடி செய்ய, தச்சர் நேர்ச்சுவருக்கு ஆகும் கூலியைவிட ஒன்றரை மடங்கு வாங்கினார். சுவரில் காடி வெட்ட முடியாது என்பதால், பின்னால் நினைத்துக்கொண்டு ஒரு சுவிட்ச் போர்டு கூட வைக்க முடியவில்லை. எங்கெங்கே விளக்கு, எங்கே மிக்ஸி, எங்கே மோட்டார் என்று எல்லாவற்றையும் கட்டும் முன்பே உட்கார்ந்து முடிவு செய்துகொள்ளுங்கள்.

இரண்டாவது வெப்பம். எங்கள் குவிமாட ஓட்டின் தடிமன் ஒன்றேகால் அங்குலம்தான் இருக்கும். மண்கல் வீட்டில் நீங்கள் அனுபவித்த குளிர்ச்சி தடித்த மண்ணின் குளிர்ச்சி, வட்டத்துக்காக வந்ததல்ல. கட்டிக் கொடுத்தவர் உச்சியில் காற்றுப் போக்கி வேண்டாம், ஒழுகும் என்று சொல்லி அடைத்துவிட்டார். முதல் வைகாசி முழுவதும் நாங்கள் வேப்ப மரத்தடியில்தான் படுத்தோம். பிறகு உச்சியைத் திறந்து, மழை படாதபடி தொப்பி போல மூடி வைத்த பிறகே வீடு வீடாயிற்று. அதற்கு 18,000 ரூபாய் ஆனது.

மூன்றாவது சத்தம். பீஜப்பூர் கோல் கும்பஸில் ஒரு பக்கம் முணுமுணுத்தால் மறு பக்கம் கேட்கும் என்று சுற்றுலா போனால் வியப்போம். அதே வீட்டுக்குள் என்றால், சமையலறையில் தட்டு விழுந்தால் தூங்குகிற மாமியார் எழுந்து உட்கார்ந்துவிடுவார். தறித்துணித் திரைகளும் பாய்களும் தொங்கவிட்டு ஓரளவு அடக்கியிருக்கிறேன்.

எனக்கு இன்றும் பெரிய குறை மொட்டை மாடி இல்லாததுதான். வற்றல் வடகம் காய வைக்க, துணி உலர்த்த, கோடை இரவில் பாய் போட்டுப் படுக்க, நாளைக்குப் பிள்ளைகள் பெரியவர்களானால் மேலே ஓர் அறை எடுக்க, இவை எதற்கும் இங்கே இடமில்லை. இதற்கெல்லாம் ரூபாய்க் கணக்குப் போட முடியாது என்றாலும், உங்கள் அம்மாவிடம் இதை ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

இவ்வளவு சொன்னாலும், விடியற்காலையில் உச்சித் திறப்பின் வழியாக வெளிச்சம் வட்டமாக எதிர்ச் சுவரில் விழுந்து, நான் கோலம் போட்டுவிட்டு உள்ளே வருவதற்குள் மெல்ல இறங்கி அடுப்படிக்கு வந்து நிற்கும். அதைப் பார்க்கிற நாளெல்லாம் எனக்கு இந்த வீட்டின் மேல் வருத்தம் இருப்பதில்லை.

---

கடன் பிரிவு

வங்கிக் கடன் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்தப் பிரிவில் பணியாற்றிய அனுபவத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். அனுமதி பெற்ற வரைபடமும் தகுதியுள்ள பொறியாளர் கையெழுத்திட்ட மதிப்பீடும் இருந்தால், வடிவத்துக்காக மட்டும் விண்ணப்பம் தள்ளப்படும் என்று சொல்ல முடியாது. ஆனால் இந்த வீட்டை விற்றால் அந்தப் பகுதியில் என்ன விலைக்குப் போகும் என்று மதிப்பீட்டாளர் பார்ப்பார். ஒப்பிடப் பக்கத்தில் வேறு குவிமாட வீடு இல்லாதபோது, அவர் தொகையைத் தாழ்த்தியே எழுதுவார். நீங்கள் நினைக்கும் 6 லட்சம் அப்படியே வரும் என்று நம்பி வேலையைத் தொடங்காதீர்கள்.

இன்னொன்று, கடன் தொகை ஒரே தவணையில் வராது. பேஸ்மெண்ட், லிண்டல் (கதவு ஜன்னல்களின் தலைமட்டம்), தளம் என்று கட்டம் கட்டமாக வரும். தரையிலிருந்தே எழும் குவிமாடத்தில் லிண்டல் மட்டம் எது, தளம் எது என்று பிரித்துக் காட்ட முடியாது. வேலை நடக்கும்போது பணம் நின்றுபோய் அவதிப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். எந்த நிலையில் எவ்வளவு என்பதை விண்ணப்பத்தோடு சேர்த்து எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நேர்ச்சுவரின் மேல் குவிமாடம் என்றால் இந்தச் சிக்கல் இல்லை; சுவர் ஒரு கட்டம், கூரை ஒரு கட்டம்.

---

செஞ்சிக்காரன்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் பதில்களை அச்செடுத்து அப்பாவிடமும் அம்மாவிடமும் வாசித்துக் காட்டினேன். அம்மா முதலில் கேட்டது, அக்கா சொன்ன அந்த வடகம் காய வைக்கும் இடத்தைப் பற்றித்தான்.

முழுக் குவிமாட வீடு என்ற எண்ணத்தை விட்டுவிட்டேன். நடுவில் 14 அடி விட்டத்துக்கு ஒரு கூடம், அதற்கு மட்டும் மண்கல் குவிமாடம். மற்ற அறைகளுக்குத் தட்டையான தளம், அதில் ஏறப் படிக்கட்டு, படிக்கட்டின் தலைமாட்டில் தண்ணீர்த் தொட்டி என்று மாற்றி வரைந்திருக்கிறோம். பொறியாளர் ஐயா காட்டிய முறையில் நானே கணக்கிட்டேன். 14 அடி விட்டத்தில் ஐந்தடி உயரமுள்ள குவிமாடத்தின் பரப்பு சுமார் 232 சதுரடி வருகிறது. மரக்காணம் நண்பரின் குவிமாடம் இதே கணக்கில் 368 சதுரடி. கூலி இன்று ஏறியிருப்பதைச் சேர்த்துப் பார்த்தாலும், கூரைக்கு ஆகும் கூடுதல் செலவு ஒன்றரை லட்சத்துக்குள் அடங்கும் என்று தோன்றுகிறது. கடன் குறைத்துக் கிடைத்தால், வீட்டின் பரப்பை 600 சதுரடிக்குச் சுருக்கிவிடுவது என்றும் முடிவு செய்திருக்கிறோம்.

எங்கள் நிலம் செம்மண். அதில் கல் அடிக்க முடியுமா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

---

மரக்காணம் மண்வீடு

மிகவும் நல்ல முடிவு. 14 அடி என்றால் பழகிய கொத்தனார் ஒருவரும் உங்கள் ஊர் ஆட்களும் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு நாட்களில் ஏற்றிவிடுவார்கள். அவரை மட்டும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். தை முதல் சித்திரை வரை அவர்கள் கிடைப்பது கடினம்.

மண்ணைப் பார்க்க எளிய வழி இருக்கிறது. மேல்மண்ணை இரண்டடி நீக்கிவிட்டு, அதன் கீழிருக்கும் மண்ணை எடுங்கள். வேரும் மக்கிய இலையும் கல்லுக்கு ஆகாது. நேரான கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டு, நிறையத் தண்ணீர் விட்டு, ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து நன்றாகக் குலுக்கி, அசையாமல் ஒரு நாள் வையுங்கள். அடியில் பொடிக்கல்லும் மணலும், அதன் மேல் வண்டலும், எல்லாவற்றுக்கும் மேல் களிமண்ணும் தனித்தனி அடுக்காக நிற்கும். சிமெண்ட் கலந்து அடிக்கும் கல்லுக்குப் பொடிக்கல்லும் மணலும் சேர்ந்து பாதிக்கு மேல் இருக்க வேண்டும். களி ஐந்தில் ஒரு பங்கு இருந்தால் போதும். எங்கள் மண்ணில் களி கூடுதலாக இருந்ததால் நான்கு லோடு எம்-சாண்ட் இறக்கிக் கலந்தோம். புட்டி ஒரு குறிப்புதான். கல் அடிக்கத் தொடங்கும் முன் பத்துக் கல் மட்டும் அடித்து, நான்கு வாரம் நனைத்து, ஒரு பகல் ஓர் இரவு தண்ணீரில் மூழ்க வைத்துப் பாருங்கள். விளிம்பு கரையாமல் இருந்தால் மீதியை அடிக்கலாம்.

நிலத்தின் நான்கு மூலையிலிருந்தும் தனித்தனிப் புட்டியில் எடுங்கள். எங்களுக்குக் கிழக்கு மூலையில் நல்ல மண்ணும், மேற்கு மூலையில் வெறும் களியும் இருந்தன. குட்டையைக் கிழக்கே தோண்டியதால் தப்பினோம்.